கஞ்சி ஆறுது

ஷெல்லடி ஓய்ந்ததும் பரிமளம் முதலில் பார்த்தது மகளின் கழுத்தைத்தான். மஞ்சள் பூசிய நூல் இருந்தது. வியர்வையில் ஊறி, மண் ஒட்டி, சட்டைக்கு வெளியே தொங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் கை, கால், தலை என்று மற்றதெல்லாம் பார்த்தாள். நிருத்திகாவுக்கு ஒன்றுமில்லை. மண்ணுக்குள் வெட்டிய பங்கரின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கினாள். வாயைத் திறந்து வைத்தால் காது அடைக்காது என்று யாரோ சொன்னதை அவள் இன்னும் விடவில்லை.

வெளியே சனம் ஒவ்வொன்றாகத் தலை நீட்டத் தொடங்கியிருந்தது. யாரோ தண்ணீர் கேட்டார்கள். யாரோ கடவுளைத் திட்டினார்கள். பக்கத்துத் தறப்பாள் கூடாரத்தில் இருந்து றோசலின் வழக்கம்போல மகனைக் கூப்பிட்டாள்.

"யூட்! டேய் யூட்! எங்கையடா துலைஞ்சனி? சாப்பிட வாடா, மூதேவி!"

றோசலின் முல்லைத்தீவுக்காரி. வயிற்றில் காயப்பட்ட புருசனைப் பங்கருக்குள் கிடத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலோடு கத்திப் பழகிய தொண்டை, வலைஞர்மடம் முழுக்கக் கேட்கும். அந்த யூட் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெடியனாம். தாய் கூப்பிட்டவுடன் அவன் ஓடி வந்ததைப் பரிமளம் ஒருநாளும் கண்டதில்லை. இப்படியான நேரத்திலும் பெற்றவளைக் கத்த வைக்கிற பிள்ளையும் ஒரு பிள்ளையா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் பிள்ளை அப்படியில்லை. சொன்ன இடத்தில் இருக்கும், கட்டிய நூலைக் கழுத்தில் வைத்திருக்கும்.

நிருத்திகாவுக்குப் பதினேழு நடக்கிறது. இயக்கத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கியபோது வீட்டுக்கு ஒருவர் என்றார்கள். பிறகு அந்தக் கணக்கை அவர்களே மறந்துவிட்டார்கள். விசுவமடுவில் இருந்த காலத்தில் மகளைப் பீப்பாவுக்குள் இறக்கி, பீப்பாவை மண்ணுக்குள் தாட்டு, மூச்சுக்கு ஓட்டை விட்டு, அதன்மேல் கோழிக்கூட்டை வைத்துக் காப்பாற்றினாள் பரிமளம். ஓடி ஓடிப் பீப்பாவும் போனது, கோழிகளும் போயின. சுதந்திரபுரத்தில் விறகு பொறுக்கப் போன புருசனும் திரும்பி வரவில்லை. மிஞ்சியது ஒரே வழிதான். கலியாணம் கட்டினவர்களைப் பிடிப்பதில்லை என்று ஒரு பேச்சு இருந்தது. வன்னி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடச் சட்டையோடு திரிந்த பிள்ளைகளெல்லாம் ஒரே மாதத்தில் குடும்பப் பெண்களாகிப் போனார்கள். பொருத்தம் பார்க்க ஆளில்லை, நாள் பார்க்க நேரமில்லை. ஷெல் விழாத நேரம்தான் முகூர்த்தம்.

கண்டாவளையில் இவர்களுடைய வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவள் தவமலர். அவளுக்கு ஒரே மகன், தயாபரன். பத்தொன்பது வயது. அவளுக்கும் அதே பயம், அதே வழி. இரணைப்பாலையில் ஒரு மத்தியானம் இரண்டு தாய்மாரும் பேசி முடித்தார்கள். மஞ்சள் துண்டு ஒன்றை நூலில் கோத்தார்கள். தவமலர் தன்னுடைய கூறைச் சேலையைப் பையிலிருந்து எடுத்து விரித்தாள். அரக்குப் பட்டு. வீட்டை விட்டபோது கதவு நிலையையும் தையல் மெசினையும் கைவிட்டவள் அதை மட்டும் விடவில்லை.

"பிள்ளைக்கு இதை ஒருக்காச் சுத்தி விடுவம் பரிமளம். வெறும் சட்டையோட வேண்டாம்."

பரிமளம் ஒத்துக்கொள்ளவில்லை. தீ இல்லை, ஐயர் இல்லை, கூறையும் இல்லை என்றால்தான் இது கலியாணம் இல்லை என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். "அதெல்லாம் ஏன் அக்கா? சண்டை முடிய அறுத்துக் கடலிலை எறிஞ்சுபோட்டு அவையவை தங்கட பாட்டிலை போறதுதானே. வெறும் நூல்." தவமலர் சேலையை மடித்தாள். மடிப்புக் கலையாமல் மடிக்க நேரமெடுத்தது.

அதற்குப் பிறகு நாடகத்தைச் சரியாக நடத்த வேண்டியிருந்தது. கட்டிய புருசனும் பெண்சாதியும் தாய்மாரோடு ஒரே பங்கருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தால் ஊர் நம்புமா? அதனால் வலைஞர்மடத்துக்கு வந்ததும் இரண்டு பங்கர் வெட்டினார்கள். சின்னது புதுத் தம்பதிக்கு. பகலில் தயாபரன் அதற்குள் இருப்பான், அல்லது அதன் வாசலில் இருந்து மண்மூட்டை தைப்பான். மூட்டைக்கு உரப்பை கிடைக்காததால் சனம் சேலைகளைக் கிழித்துத்தான் தைத்தது. பரிமளத்தின் சேலைகளும் தவமலரின் சேலைகளும் மண் நிரம்பிப் பங்கரைச் சுற்றி அடுக்கிக் கிடந்தன. சாப்பிட மட்டும் அவன் பெரிய பங்கருக்கு வருவான். நிருத்திகாவுக்குத்தான் வாய் பழகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்து அண்ணையை ஒரே நாளில் புருசனாக்குவது லேசா? ஒருநாள் கஞ்சி வரிசையில் எல்லார் முன்னாலும் "தயாண்ணை, கோப்பையைத் தாங்கோ" என்றுவிட்டாள். பரிமளம் அவளுடைய தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் கன்றியிருந்தது. தயாபரன் மட்டும் சிரித்தான். "கட்டினவளே அண்ணை எண்டாப் பிறகு நான் ஆரிட்டைப் போய் முறையிடுறது?" என்று வரிசையில் நின்ற கிழவர்களையும் சிரிக்க வைத்தான். நல்ல பெடியன். அவனை நல்ல பெடியன் என்று நினைக்கும்போதெல்லாம் பரிமளத்துக்கு ஒரு பயம் வரும், மகளும் அப்படி நினைத்துவிடுவாளோ என்று.

கடைசித் தறப்பாளில் இருந்த சுகிர்தாவுக்கு நடந்ததை எல்லாரும் பார்த்தார்கள். அவளும் அப்படித் தாலி கட்டியவள்தான். போன கிழமை புருசன் செத்தான். தாய் தலையிலடித்துக் கத்தினாள், ஊர் கூடியது, தாலி இறங்கியது. எட்டாம் நாள் சடங்குகூட முடியவில்லை, இயக்கத்தார் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். "குடும்பம் இல்லாத பிள்ளைதானே அம்மா," என்று சொன்னார்களாம். மரியாதையாகத்தான் சொன்னார்களாம்.

பரிமளம் பங்கரை விட்டு மேலே ஏறினாள். தவமலர் சின்னப் பங்கரின் வாசலில் நிலத்தில் இருந்தாள். மடியில் மகனின் தலை. தையல் ஊசி இன்னும் அவனுடைய விரலிடுக்கில் இருந்தது, பாதி தைத்த சேலைத்துண்டு காலடியில் கிடந்தது. பிடரியில் ஒரு சின்ன ஓட்டை. இவ்வளவு சின்ன ஓட்டையால் இவ்வளவு பெரிய பெடியன் போக முடியுமா என்று நினைக்கும்படி இருந்தது.

தவமலர் வாயைத் திறந்தாள். சத்தம் வெளியே வருவதற்குள் பரிமளம் பாய்ந்து அவளுடைய வாயைக் கையால் பொத்தினாள்.

பல் உள்ளங்கையில் இறங்கியது. பரிமளம் கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் அவளுடைய பிடரியைப் பிடித்துத் தன் நெஞ்சோடு அழுத்தினாள். "அக்கா, அழாதேங்கோ. உங்கட காலிலை விழுறன். சத்தம் போடாதேங்கோ."

கைக்குள் ஏதோ முனகல் வந்தது. பரிமளம் கொஞ்சம் தளர்த்தினாள்.

"என்ர பிள்ளையடி."

"தெரியும் அக்கா. எனக்குத் தெரியாதே? ஆனா நீங்கள் கத்தினா சனம் கூடும். சனம் கூடினா அவையளுக்குத் தெரியும். பொழுதுபடுறத்துக்குள்ளை இவளைக் கொண்டு போயிடுவினம். சுகிர்தாவைக் கண்டனீங்கள்தானே? ஒரு கிழமை, ரெண்டு கிழமை அக்கா. உதெல்லாம் முடிஞ்சிடும். அதுக்குப் பிறகு நானும் நீங்களும் இருந்து ஆசை தீர அழுவம்."

இதைச் சொல்லும்போதே தன் வாயை அறுத்து எறிய வேண்டும் போல அவளுக்கு இருந்தது. செத்த பிள்ளையைக் கையில் வைத்திருக்கிறவளிடம் கேட்கிற காரியமா இது? கேட்காமல் விடவும் முடியவில்லை. மகள் உயிரோடு இருக்கிறாள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்காகத் தாய் எதையும் கேட்பாள்.

நிருத்திகா பின்னால் வந்து நின்றதை இருவரும் காணவில்லை. அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் தயாபரனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் கழுத்துக்குக் கொண்டுபோய் நூலின் முடிச்சைத் தேடினாள்.

"விடடி அதை!" பரிமளம் அவளுடைய கையைத் தட்டினாள்.

"அம்மா, அவர் செத்திட்டார்."

அவர் என்றாள். பரிமளம் அதைக் கேட்டாள். கேளாததுபோல, "அது வெறும் நூல் பிள்ளை. கிடந்திட்டுப் போகட்டும்," என்றாள்.

தவமலர் தலையை நிமிர்த்தினாள். "வெறும் நூலோ, பரிமளம்?"

தவமலர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவள் நிருத்திகாவை மேலும் கீழும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுடைய முகத்தில் ஏதோ கெட்டிப்பட்டது. "கழட்டாதை பிள்ளை," என்றாள் கடைசியில். "அவன் கட்டினது. கிடக்கட்டும். உள்ளுக்கை என்ர தலைமாட்டுப் பை இருக்கு. கூறையை எடுத்துக்கொண்டு வா."

தயாபரனை அந்தச் சேலையில் சுற்றினார்கள். பெண் உடுக்கிற கூறையில் ஆணைச் சுற்றுகிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. வேறு துணி இருக்கவுமில்லை, எல்லாச் சேலைகளும் மண் சுமந்துகொண்டு கிடந்தன. தூக்கிக்கொண்டு போக ஆளும் கிடையாது, போனால் மறைக்கவும் முடியாது. அவனுக்கென்று வெட்டிய பங்கரிலேயே அவனை இறக்கி மூடினார்கள். அடுத்த ஷெல்லடி தொடங்கிச் சனமெல்லாம் மண்ணுக்குள் புகுந்திருந்த நேரத்தில், வெளியே இருந்தது அவர்கள் மூன்று பேர்தான். நிருத்திகா கையால் மண்ணைத் தள்ளினாள். "சட்டி, சட்டி, சட்டியாலை அள்ளு," என்று பரிமளம் பதறினாள். தவமலர் மண்ணைப் பரப்பி, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினாள். பால்குடிப் பிள்ளையின் முதுகைத் தட்டுகிற மாதிரி இருந்தது அது.

ஷெல்லடி நின்றதும் எதிர்த்த தறப்பாளில் இருந்த வாத்தியார் எட்டிப் பார்த்தார். "என்ன பரிமளம், புதுமாப்பிளை மாளிகையை மூடியாச்சோ?"

"தண்ணி ஊறுது மாஸ்டர். கடல் கிட்டத்தானே. ஒரே பங்கருக்குள்ளை சமாளிப்பம்."

வாத்தியார் தலையாட்டிவிட்டுப் போனார். பொய் இவ்வளவு லேசாக வரும் என்று பரிமளத்துக்கு அதுவரை தெரியாது.

ஆனால் ஒரு பொய் மற்றதைக் கேட்கும். ஆள் இருந்தால் ஆள் கண்ணில் பட வேண்டும், இல்லாவிட்டால் குரலாவது கேட்க வேண்டும். கஞ்சி வரிசையில் நான்கு பேருக்கென்று வாங்கி வந்து, மூன்று பேர் குடித்து, நான்காவது கோப்பையை என்ன செய்வது? அடுத்த நாள் பின்னேரம் பரிமளம் அந்தக் கோப்பையைத் தவமலரின் முன்னால் வைத்தாள்.

"ஒருக்காக் கூப்பிடுங்கோ அக்கா. நேத்தையில இருந்து அவன்ர பேர் இந்தப் பக்கம் கேக்கேல்லை. சனத்துக்குக் காது இருக்கு."

தவமலர் அவளைப் பார்த்த பார்வையில் பரிமளம் செத்துப்போனாள். நிருத்திகா, "அம்மா, உனக்கு விசரே?" என்று அடிக்குரலில் கத்தினாள். பரிமளம் இருவரையும் பார்க்காமல் கஞ்சியையே பார்த்துக்கொண்டு இருந்தாள். கூழாகக்கூட இல்லாத வெள்ளைத் தண்ணி, அடியில் கொஞ்சம் அரிசி.

தவமலர் எழும்பி வாசலுக்குப் போனாள். "தயா," என்றாள். யாருக்கும் கேட்டிருக்காது. இன்னொரு தரம், "தயா, வா ராசா. சாப்பிட வா ராசா," என்றாள். அது காற்றில் கொஞ்சத் தூரம் போனது. பிறகு திரும்பி வந்து, கோப்பையைக் கையில் எடுத்து, நிருத்திகாவின் பக்கம் நீட்டினாள்.

"குடி பிள்ளை. அவன்ர பங்கு."

நிருத்திகா குடித்தாள். பசி இருந்தது, அதுதான் உண்மை. குடித்து முடித்துவிட்டு, கோப்பையை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். சத்தம் கோப்பைக்குள்ளேயே நின்றது.

அடுத்த நாள் பின்னேரம் வந்துவிட்டார்கள். இயக்கத்துப் பெண் பிள்ளைகள் இரண்டு பேர். பின்னலை மடித்துக் கட்டியிருந்தார்கள். ஒருத்தி தூரத்தில் நின்றாள், மற்றவள் பங்கருக்கு மேலே கட்டிய தறப்பாளுக்குள் குனிந்து வந்தாள். நிருத்திகாவைவிட இரண்டு, மூன்று வயது கூட இருக்கும். கண்ணுக்குக் கீழே நித்திரையில்லாத கறுப்பு. அவளைப் பெற்றவள் எந்தப் பங்கருக்குள் கிடக்கிறாளோ என்று பரிமளத்துக்கு ஒரு கணம் வந்தது. அடுத்த கணம் அந்த நினைப்பை உதறினாள்.

"தங்கச்சி கலியாணம் முடிச்சதோ?"

"ஓம்," என்றாள் பரிமளம். "மாசியிலை."

"நான் தங்கச்சியைத்தான் கேட்டனான்."

நிருத்திகா நூலைத் தூக்கிக் காட்டினாள். விரல்கள் அதைப் பிடித்திருந்த விதம் பரிமளத்துக்குப் பிடிக்கவில்லை. பறித்துவிடுவார்கள் என்பதுபோல இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நூல் இப்ப எல்லாற்றை கழுத்திலையும் கிடக்கு," என்றாள் வந்தவள். கோபமில்லை, அலுப்புத்தான். "அவர் எங்கை?"

வாத்தியாரிடம் அவ்வளவு லேசாக வந்த பொய் எங்கே போனதோ பரிமளத்துக்குத் தெரியவில்லை. தவமலர்தான் பேசினாள்.

"உதிலைதான் பிள்ளை. கிட்டடியிலைதான் இருக்கிறான்."

அது பொய்யே இல்லை. நான்கு அடி தள்ளித்தான் இருந்தான்.

"அப்ப கூப்பிடுங்கோ அம்மா. பாத்திட்டுப் போறம்."

தவமலர் வாசலுக்குப் போனாள். "தயா," என்றாள். "தயா, வா ராசா." குரல் பாதியில் இறங்கியது. வந்தவள் காத்திருந்தாள். நேரம் போனது. கோப்பையில் கஞ்சி ஏடு கட்டியது. நிருத்திகா மூடிய பங்கரின் பக்கம் ஒருதரம் பார்த்ததைப் பரிமளம் கண்டாள், அந்தப் பெண்ணும் கண்டாள். முடிந்தது என்று பரிமளம் நினைத்தாள். இந்தப் பிள்ளையைப் பெற்றதும் பீப்பாவுக்குள் வளர்த்ததும் இந்த ஒரு பின்னேரத்துக்காகத்தானா?

"ஆரை? தயாவையோ தேடுறியள்?"

றோசலின். கையில் அகப்பையோடு, சட்டையில் சாம்பலோடு வந்து நின்றாள். "உவன் இப்பத்தானே என்ர யூட்டோட கடற்கரைப் பக்கம் போறான். நண்டு பிடிக்கவாம். ரெண்டும் சேந்தாப் பிறகு ஆர் கூப்பிட்டுக் காதிலை ஏறும்? இவளவு ஷெல்லடிக்கை நண்டு கேக்குதாம் துரைமாருக்கு!"

வந்தவள் றோசலினைப் பார்த்தாள். பிறகு தவமலரை. பிறகு கீழே, மூடிய சின்னப் பங்கரின் மேல் தட்டையாகப் பரவிக் கிடந்த ஈர மண்ணை. அவளுக்கு விளங்கியதா இல்லையா என்று சொல்ல முடியாது. "சரி அம்மா," என்றாள். "நாளைக்குப் பின்னேரம் வருவன். ஆளை நிக்கச் சொல்லுங்கோ." குனிந்து வெளியே போனவள் அந்த மண்ணில் கால் படாமல் சுற்றிப் போனாள்.

அவர்கள் போகும்வரை றோசலின் அகப்பையை ஆட்டிக்கொண்டு நின்றாள். போனதும் தவமலரின் பக்கத்தில் குந்தினாள். குரலை அடியோடு இறக்கினாள்.

"அக்கா, ஒண்டு சொன்னாக் கோவிக்கக் கூடாது. நீங்கள் கூப்பிடுற விதம் பிழை."

பரிமளத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன பிழை?"

"ராசா, வா ராசா எண்டு உயிரோட இருக்கிற பிள்ளையை ஆராவது கூப்பிடுவினமே? கேக்கிற எவளுக்கும் நெஞ்சு பதறும். நேத்தே எனக்கு விளங்கீட்டுது. பேசிக் கூப்பிட வேணும் அக்கா. நாயே, பேயே, மூதேவி எண்டு பேச வேணும். அப்பத்தான் பிள்ளை இருக்கு எண்டு சனம் நம்பும்."

அவள் தன் தறப்பாளின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். உள்ளே புருசன் இருமுகிற சத்தம் கேட்டது.

"அந்தாளுக்கு இன்னும் தெரியாது. வயித்துக் காயத்தோட கிடக்குது, தெரிஞ்சா அண்டைக்கே முடிஞ்சிடும். பெடியன் எங்கையடி எண்டு கேக்கேக்குள்ளை எல்லாம் வெளியிலை வந்து நிண்டு பேசுறன். மாத்தளன்ல வைச்சே ஷெல் பட்டுப் போனவன் அக்கா."

தவமலர் கையை நீட்டி றோசலினின் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பரிமளம் பல் பதிந்த உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு நின்றாள். எத்தனை நாள் அந்தக் குரலைக் கேட்டு எரிச்சல்பட்டிருப்பாள்! அவளுக்கு அவமானமாக இருந்தது. நாளைப் பின்னேரத்தை நினைத்தபோது அந்த அவமானமும் நிற்கவில்லை, பயம்தான் நின்றது.

றோசலின் எழும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய குரல் வழக்கம்போலக் கேட்டது. "டேய் யூட்! காது செவிடே உனக்கு?"

தவமலர் எழும்பினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். மண்மூட்டைகளின் மேல் ஏறி நின்றாள். காலுக்குக் கீழே அவளுடைய பழைய நீலச் சேலை ஒன்று மண்ணால் விம்மிக் கிடந்தது. கடலின் பக்கம் திரும்பி, மூச்சை இழுத்துக் கத்தினாள்.

"டேய் தயா! எத்தினை தரமடா கூப்பிடுறது? கஞ்சி ஆறுது, வாடா நாயே! கட்டினவள் பாத்துக்கொண்டு இருக்கிறாளடா, வாடா!"

உள்ளே நிருத்திகா நூலை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு இருந்தாள். வாத்தியாரின் தறப்பாளுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தும் ஒருத்தி யாரையோ ஏசிக் கூப்பிட்டாள். அதற்கும் அப்பால் இன்னொருத்தி. பரிமளம் இருட்டுகிற மணலைப் பார்த்தாள். எந்தப் பக்கத்தில் இருந்தும் ஒரு பிள்ளையும் ஓடி வரவில்லை. காற்று மண்ணை வாரி அடித்தது. அவள் நான்காவது கோப்பையை மடியில் எடுத்து வைத்து, கஞ்சியில் மண் விழாமல் இரண்டு கையாலும் மூடிக்கொண்டு இருந்தாள்.